வேப்பேரிக்கு வழி கேட்டவர்கள்

சென்ற இதழில், மாடிப்படியிலிருந்து விழுந்து பின்னங்கால்களை இழுத்து நடக்கும் ஒரு நாயைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதியபோது, "தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அது சரியாக எங்கே இருக்கிறது, விலங்கோடு எப்படிப் போய்ச் சேர்வது, நகரின் நெருக்கத்துக்கு நடுவே மாட்டுக்கும் நாய்க்கும் ஒரு கல்லூரி எப்படி வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் வேப்பேரிக்கே ஒதுக்கிவிட்டேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மருத்துவர் என் நாயை வேப்பேரிக்கு எடுத்துச் செல்லச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாரித்தால் ஒருவர் அந்த மருத்துவமனை பெரியமேட்டில் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் எழும்பூர் என்கிறார், மூன்றாமவர் மாதவரம் என்று சாதிக்கிறார். யாரை நம்புவது? – ஒரு வாசகி, திருவள்ளூர்

மாதவரம் என்றவரைத் தவிர மற்ற இருவரையும் நம்பலாம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்த மருத்துவமனையும் வேப்பேரி நெடுஞ்சாலையில் இருக்கின்றன. அந்தச் சாலை பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து கிளம்பும் இடம் பெரியமேடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்துவிட்டால் மறுபுறம் எழும்பூர். மூன்று பேட்டைகளும் கூடும் மூலையில் வளாகம் இருப்பதால், யார் எந்தப் பக்கமிருந்து வந்து பழகினார்களோ அந்தப் பக்கத்துப் பெயரைச் சொல்லுகிறார்கள்.

மாதவரம் என்றவரும் வேண்டுமென்று தவறாகச் சொல்லவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது அதன் தலைமை அலுவலகம் மாதவரம் பால்பண்ணையில் அமைந்தது. வேப்பேரிக் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. இதனால் கைப்பேசியில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள், வலியில் முனகும் விலங்கோடு நகரின் வடகோடியில் போய் நிற்கிறார்கள். மாதவரத்திலும் சிகிச்சை வசதி உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. உங்கள் சீட்டில் வேப்பேரி என்று எழுதியிருந்தால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடாமல் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள்.

திருவள்ளூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு வழி எளிது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து மேற்கே, ரிப்பன் மாளிகையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராக வாருங்கள். நேரு விளையாட்டரங்கத்தின் பக்கத்தைத் தாண்டிப் பெரியமேடு முனை வந்ததும் வலப்புறம் திரும்பினால் வேப்பேரி நெடுஞ்சாலை. நிலையத்திலிருந்து மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். கையில் ஒன்றும் இல்லாத ஆளுக்கு இது நடை தூரம், இருபது கிலோ நாயைத் தூக்கி வருகிறவருக்கு ஆட்டோ தூரம். ஆட்டோக்காரரிடம் கல்லூரியின் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "வெட்னரி" என்ற ஒரு சொல் போதும். வயதான ஓட்டுநராக இருந்தால் "மாட்டாஸ்பத்திரி" என்பது இன்னும் வேகமாக வேலை செய்யும்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் நாயை அழைத்து வரலாமா? மெட்ரோவில்? வாடகைக் காருக்கு ஆகும் செலவை நினைத்தால் நாய்க்கு முன் எனக்கு மயக்கம் வருகிறது. – ஒரு வாசகர், செங்கல்பட்டு

மெட்ரோவில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ரயில்வே விதிப்படி, தொலைதூர ரயில்களில் முதல் வகுப்புப் பெட்டியின் தனி அறையை எடுத்துக்கொண்டு நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். அது முடியாதவர்கள் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்றலாம். இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டிகளிலும் நாயோடு ஏற முடியாது. ஆகவே காலை நேரக் கூட்டத்தில் ஆளே ஏற முடியாத மின்சார ரயிலை நம்பி நோயாளி நாயோடு கிளம்புவது சரியான யோசனை இல்லை. கூண்டிலே தனியாகக் கிடக்க வேண்டிய பயணத்தையும், அடிபட்ட விலங்குக்கோ மூச்சுத் திணறும் விலங்குக்கோ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. உங்கள் பகுதியிலேயே வேப்பேரிக்கு வர வேண்டிய இன்னொருவர் இருக்கிறாரா என்று உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே வண்டியில் இரண்டு நாய்கள் வருவதென்றால் இரண்டுக்கும் வாய்க்கட்டும் தனித்தனிச் சங்கிலியும் கட்டாயம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், அடுத்த வீட்டு நாயை விட்டுவைக்குமா?

வண்டி எதுவானாலும் விடியற்காலையில் கிளம்புங்கள். போக்குவரத்து நெரிசல் ஒரு காரணம், வெயில் அதைவிடப் பெரிய காரணம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணியாது. அது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் கிண்டி சிக்னலில் மூடிய காருக்குள் கால் மணி நேரம் நின்றாலே ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடும். நனைத்த துண்டு ஒன்றும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

துணைக்கு வருகிறவர்கள் மெட்ரோவில் வந்து சேர்ந்துகொள்ளலாம். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நிலையங்கள் இருக்கின்றன. எழும்பூர் ரயில் நிலையப் பக்கமிருந்து வண்டியில் வருகிறவர்கள் கெங்கு ரெட்டி சுரங்கப்பாதை வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடைவார்கள். மழை நாளில் மட்டும் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

வேப்பேரி என்றால் அங்கே ஏரி இருந்ததா? – ஒரு மாணவி, மதுரை

சொல்லைப் பிரித்தால் வேம்பும் ஏரியும் கிடைக்கின்றன. இன்று வேப்பமரங்களை விரல்விட்டு எண்ணலாம், ஏரியைப் பார்க்க ஐப்பசி அடைமழைக்குக் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள பெயர்களும் இப்படி நிலத்தைப் பார்த்து வைத்தவையாகவே தெரிகின்றன. ஒரு பக்கம் பெரியமேடு, இன்னொரு பக்கம் சூளை. மேடு, ஏரி, செங்கல் சூளை என்று சொல்லிப் பார்த்தாலே, கோட்டைக்கு வெளியே இது எப்படிப்பட்ட நிலமாக இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இந்த ஊர் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது 1742ஆம் ஆண்டில். ஆற்காட்டு நவாபிடமிருந்து பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் ஆகியவற்றோடு சேர்ந்து வேப்பேரியும் ஆங்கிலேயருக்கு மானியமாகக் கிடைத்தது. அதற்கு முன்பே கோட்டையின் நெருக்கடி பிடிக்காத வணிகர்கள் இந்தப் பக்கம் தோட்ட வீடுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். ஃபாப்ரிசியஸ் அகராதி வேப்பேரியில் அச்சானது என்று படித்திருக்கிறேன். அந்த வேப்பேரியும் நீங்கள் நாயைக் கொண்டுபோகச் சொன்ன வேப்பேரியும் ஒன்றுதானா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஒன்றேதான். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு இரண்டு பத்தி கூடுதலாகவே எழுதலாம்.

கதையை ஓர் அர்மீனியரிடமிருந்து தொடங்க வேண்டும். கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற பெருவணிகர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்தவர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726ஆம் ஆண்டில் பாலம் கட்டிக் கொடுத்தவரும், பரங்கிமலைக்கு ஏறப் படிகள் அமைத்தவரும் அவரே. வேப்பேரியில் அவர் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயமும் கட்டினார். 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தபோது, பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகம் நகரத்துக் கத்தோலிக்கர்கள் மேல் விழுந்தது. உஸ்கான் 1751ஆம் ஆண்டில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு அவருடைய ஆலயம் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளின் கைக்கு மாற்றப்பட்டது. தரங்கம்பாடியிலிருந்து வந்து சென்னையில் பணியாற்றிக்கொண்டிருந்த ஜெர்மானியர் யோஹான் ஃபிலிப் ஃபாப்ரிசியஸ் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அச்சு இயந்திரம் வந்த கதையும் போரில் கிடைத்த கதைதான். 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுக்கூடத்தையும் கொள்ளைப் பொருள்களோடு சென்னைக்குக் கொண்டுவந்தது. கோட்டையில் இருந்தவர்களுக்கு அதை இயக்கத் தெரியவில்லை. தெரிந்தவர் வேப்பேரியில் இருந்தார். கும்பினிக்குத் தேவைப்படும்போது அதன் வேலையை முதலில் முடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு இயந்திரம் ஃபாப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சு ஆளுநரின் ஊரில் ஓடிய எந்திரம் வேப்பேரியில் தமிழ் எழுத்துகளை அச்சிடத் தொடங்கியது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779ஆம் ஆண்டில் இங்கேதான் வெளிவந்தது. அன்று ஐரோப்பியர்கள் தமிழை "மலபார்" என்று அழைத்ததால், அகராதியின் தலைப்பிலும் அந்தச் சொல்லே இருக்கிறது. பின்னால் 1897ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் திருத்தி விரித்துப் பதிப்பித்த வடிவத்தையே இன்று நாம் "ஃபாப்ரிசியஸ்" என்று சொல்லிப் புரட்டுகிறோம்.

இவ்வளவு செய்த மனிதர் கடைசிக் காலத்தில் பிறர் பணத்தைக் கையாண்டதில் கடன்பட்டுச் சிறைக்கும் போய், 1791ஆம் ஆண்டில் காலமானார். சொற்களைக் கணக்காக அடுக்கத் தெரிந்தவருக்குப் பணக் கணக்கு பிடிபடவில்லை.

உஸ்கானின் ஆலயம் நின்ற வளாகத்தில் இப்போது இருப்பது 1820களில் கட்டப்பட்ட புனித மத்தியாஸ் ஆலயம். உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அங்கே செல்லச் சிறிது நேரமே ஆகும்.

நகரின் மையத்தில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில், இவ்வளவு பெரிய இடத்தைக் கால்நடைகளுக்கு யார் ஒதுக்கினார்கள்? மாடுகள் இருப்பது கிராமத்தில் அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

நீங்கள் இன்றைய சென்னையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். கல்லூரி 1903ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்கியபோது இந்த நகரமே விலங்குகளின் முதுகில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மின்சார டிராம் 1895ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது உண்மைதான். ஆனால் துறைமுகச் சரக்கை இழுத்தது மாடு, ஜட்காவை இழுத்தது குதிரை. போலீசுக்கும் படைக்கும் குதிரைகள் இருந்தன. பால் வேண்டுமென்றால் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து ஊற்றினார்கள். தெருக்களில் நொண்டிக்கொண்டும் சுமக்க மாட்டாமல் விழுந்தும் கிடந்த விலங்குகளைக் கண்ட நகரம் இது. விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் இதே வேப்பேரி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

கிராமத்துக் காரணமும் இருந்தது, அதன் பெயர் வெக்கை நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இந்திய உழவர்களின் உழவுமாடுகளை அலையலையாக வந்து அழித்துச் சென்ற தொற்று அது. ஒரு வாரத்துக்குள் தொழுவமே காலியாகிவிடும். மாடு போனால் ஏர் நிற்கும், ஏர் நின்றால் வரி வராது என்று அரசுக்கு உறைத்தது. 1871ஆம் ஆண்டில் கால்நடைக் கொள்ளை நோய் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது, அடுத்த இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கூடமும் தனித் துறையும் ஏற்பட்டன. மாவட்டங்களுக்கு அனுப்பப் பயிற்சி பெற்ற ஆள்கள் வேண்டியிருந்தார்கள். ஆளைப் பயிற்றுவிக்க நோயாளி வேண்டும். அந்த நோயாளிகள் நாள்தோறும் தாமாக வந்து சேரக்கூடிய இடம் மாநகரமே. வேளாண்மைப் படிப்பு 1906ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. மாட்டு வைத்தியம் மட்டும் வேப்பேரியிலேயே தங்கிவிட்டது.

முதல் வகுப்பில் இருபது மாணவர்கள். இடம், "டாபின் ஹால்" என்ற சிறு கட்டடம். ஆங்கிலத்தில் டாபின் என்பது வண்டிக் குதிரையைச் செல்லமாக அழைக்கும் சொல். குதிரை வைத்தியம் படிக்க வந்தவர்களுக்கு அந்தப் பெயர்ப் பொருத்தம் சிரிப்பை வரவழைத்திருக்க வேண்டும். பிறகு எழுந்ததுதான் சாலையிலிருந்து தெரியும் செங்கல் நிறக் கட்டடம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் வரையில் நீங்கள் பார்க்கும் அந்தக் காலத்து அரசுக் கட்டடங்களோடு உறவு சொல்லிக்கொள்ளும் இந்தோ–சாரசெனிக் பாணி. 1930களின் நடுவில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டபோது, கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தரும் முதல் கல்லூரி என்ற இடம் இந்தியாவிலேயே இதற்குக் கிடைத்தது.

அந்த வெக்கை நோய் 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களைத் தாக்கிய பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழிந்த நோய் அது ஒன்றுதான். பெரியம்மை ஒழிந்ததைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதையும் ஒரு வரி சொல்லுங்கள், ஐயா. நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

வேப்பேரி என்றால் எனக்குக் காவல் ஆணையர் அலுவலகமும் பெரியார் திடலும்தான் தெரியும். மருத்துவமனை அவற்றுக்குப் பக்கமா, தூரமா? – ஒரு வாசகர், ஈரோடு

பக்கம்தான். இரண்டும் ஈ.வெ.கி. சம்பத் சாலையில் இருக்கின்றன. பழையவர்கள் அதை ஜெரமையா சாலை என்பார்கள். காவல் ஆணையர் அலுவலகம் எழும்பூரிலிருந்து இங்கே வந்தது 2013ஆம் ஆண்டில். பெரியார் திடல் ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையாக இருந்த இடம். 1953ஆம் ஆண்டில் டிராம் நின்றுபோக, மறு ஆண்டில் பெரியார் அந்த இடத்தை வாங்கினார். 1973ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.

ஈரோட்டுக்காரரான உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இன்றைய பெயர் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. சம்பத், பெரியாருடைய அண்ணன் மகன். ஆகவே பெரியார் திடலுக்குப் போகும்போது சித்தப்பா சாலையிலிருந்து மகன் சாலைக்குத் திரும்புகிறோம். அரசியலில் இருவரும் பிரிந்தாலும் வரைபடத்தில் ஒரு முனையில் சந்திக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் பெரிய சாலையின் பெயர்ப்பலகையில் திடீரென்று "கிராண்டு வெஸ்டர்ன் டிரங்க் ரோடு" என்று எழுதப்பட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கலாம். பெயர்ப்பலகையில் எது இருந்தாலும், பேருந்து நடத்துநர்களும் ஆட்டோக்காரர்களும் பேச்சில் பிடித்துக்கொண்டிருப்பவை பெரியமேடு, வெட்னரி, டவுட்டன் என்ற மூன்றும்தான். வெளியூர்க்காரர்கள் இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். டவுட்டன் என்பது புரசைவாக்கத்துப் பக்கத்து முனை. ஜான் டவுட்டன் என்ற ராணுவக் கேப்டன் எழுதிவைத்த சொத்தில் 1855ஆம் ஆண்டில் ஏற்பட்ட பள்ளியால் அந்தப் பெயர் வந்தது.

ஆட்டோக்காரர் என்னையும் பூனையையும் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இப்படியும் நடக்குமா? – ஒரு வாசகி, திருவொற்றியூர்

எனக்கே நடந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அவர்களுடைய பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைக்கு அது ஒரு நாள்கூடத் தாங்காத ஆபத்து என்று தெரிந்தவர் ஒருவர் எச்சரித்ததால், மூடி போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடைக்குள் பழைய வேட்டியை விரித்து அதில் வைத்துக் கிளம்பினேன். புரசைவாக்கத்தில் ஆட்டோ ஏறி "மிருக ஆஸ்பத்திரி" என்று சொன்னேன், தப்பு அங்கேதான். ஓட்டுநர் என்னைச் சங்கத்து வாசலில் இறக்கினார். "மிருகத்துக்குன்னா இதுதான் சார். மாட்டாஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா அங்கே விட்டிருப்பேனே" என்றார். கூடைக்குள் இருப்பது பூனை என்று நான் சொன்னதற்கு, "பூனையும் அங்கேதான் சார் பார்ப்பாங்க" என்று பொறுமையாக விளக்கி, மறுபடி ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். கூடுதல் காசும் கேட்கவில்லை.

சென்னைக்காரர்களின் வாய்க்கு இந்த வழக்கம் புதிதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் "செத்த காலேஜ்" என்றும், மிருகக்காட்சிச் சாலைக்கு "உயிர் காலேஜ்" என்றும் பெயர் வைத்தவர்கள் அவர்கள். அந்த உயிர் காலேஜும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. எட்வர்டு பால்ஃபர் 1855ஆம் ஆண்டில் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியதை 1863ஆம் ஆண்டில் ரிப்பன் மாளிகைப் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அது வண்டலூருக்குப் போய் 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டும் தீக்கிரையானது. கிளியும் முயலும் வாங்க ஊரே போன சந்தை அது. வாங்கிய விலங்குக்கு உடம்பு சரியில்லாமல் போனால் காட்டவும் அதே பக்கத்தில் இடம் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

கன்று ஈனமுடியாமல் தவிக்கும் மாட்டை வேப்பேரிக்குக் கொண்டுவரலாமா? – ஒரு வாசகர், பொன்னேரி

முதலில் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவரை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கேளுங்கள். ஈற்று நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் குலுங்கி வருவது தாய்க்கும் கன்றுக்கும் நல்லதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு அறுவை தேவை என்று அனுப்பினால் மட்டும் கிளம்புங்கள். பெரிய விலங்குகளுக்கு இங்கே தனிப் பிரிவு இருக்கிறது. "குட்டி யானை" வண்டியில் மாட்டை ஏற்றும்போது தளத்தில் வைக்கோலோ மணலோ கனமாகப் பரப்புங்கள். வழுக்கும் தகரத்தில் கால் விரிந்து விழுந்த மாட்டுக்கு ஈற்று நோவைவிட இடுப்பு முறிவு பெரிய நோயாகிவிடும். நகருக்குள் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் கையில் மருத்துவர் சீட்டு இருக்கட்டும்.

போன முறை காத்திருந்த நேரத்தில் காலே மரத்துப் போய்விட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் எதையாவது பார்த்துவிட்டு வரலாமா? – ஒரு வாசகி, ஆவடி

விலங்கைத் தனியே விட்டுவிட்டு என்றால் கூடாது. அந்த வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடத் துடிக்கும் நாய், துண்டு போர்த்திய கிளிக்கூண்டு, வாசற்படியிலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் லாப்ரடார், இவை எல்லாவற்றையும் அசையாமல் பார்த்துக்கொண்டு அசைபோடும் ஓர் ஆடு என்று எல்லாம் ஒரே நிழலில் இருக்கும். உடையவர் எழுந்து போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணைக்கு ஆள் வந்திருந்தால் ஒருவர் மட்டும் போய்வரலாம். நேரம் குறைவாக இருந்தால் பெரியமேட்டுத் தோல் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றலாம். செருப்புத் தைப்பவர்களும் பை தயாரிப்பவர்களும் தோலும் வாரும் கொக்கியும் மொத்தமாக வாங்க வரும் தெருக்கள் அவை. நாய்க்கு நல்ல கழுத்துப் பட்டை தைக்கத் தோல் வாங்க வேண்டுமென்றால் சென்னையில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. உள்ளே மாட்டைப் பிழைக்க வைக்கும் வேலையும், வெளியே அதன் தோலை விற்கும் வேலையும் ஒரே சாலை முனையில் நூறாண்டுகளாகச் சண்டையில்லாமல் நடந்துவருவது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு அது இந்தப் பேட்டையின் இயல்பாகவே படுகிறது.

கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தால் புனித மத்தியாஸ் ஆலயத்துக்குப் போங்கள். வாயிலில் அனுமதி கேட்டுவிட்டு உஸ்கானின் கல்லறையைப் பாருங்கள். அவருடைய இதயத்தை மட்டும் தனியே எடுத்து, பாரசீகத்தில் அவருடைய சொந்த ஊரான ஜுல்ஃபாவுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள் என்று அர்மீனியர்கள் சொல்லிவருகிறார்கள். உடல் மட்டும் வேப்பேரி மண்ணில் இருக்கிறது. புறப்படுமுன் உங்கள் டோக்கன் எண்ணைத் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக மறக்காதீர்கள்.